துடியலூரில் ஒரு துருக்கி

"தொடாதீர்கள்" என்று நாள் முழுக்கச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிற தொழில், எனக்குத் தெரிந்து, அருங்காட்சியகத் தொழில் ஒன்றுதான். ஒரே பேச்சை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி பேசிப் பிழைத்தவர்கள் இருப்பீர்கள். வாத்தியார்கள், கல்யாணத் தரகர்கள், இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள். உங்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

வேலை கிடைத்த விதம்

தொண்ணூறுகளின் நடுவில் நான் இருபது வருஷம் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்த நூற்பாலையை மூடினார்கள். எனக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அந்த வயதில் இன்னொரு மில்லில் கிளார்க்காகச் சேர்த்துக்கொள்ள யாரும் தயாராக இல்லை. அப்போதுதான் துடியலூரில் மில் மெஷின்களுக்குப் பாகங்கள் செய்கிற ஒரு முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். துருக்கியில் ஹலீல் என்று ஒரு மில்காரருக்கு அவர் பத்து வருஷமாகச் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை போய்வரும்போதும் ஒரு பெட்டி நிறையக் கம்பளம், செம்புப் பாத்திரம், மரக்கரண்டி, பூவேலை செய்த துண்டு, ஒட்டகத் தோலில் வெட்டிய பொம்மை என்று அள்ளிக்கொண்டு வந்தார். ஒரு நாள் அவர் மனைவி, இந்த வீட்டில் ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துருக்கி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். முதலாளி பட்டறைக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த பஞ்சுக் கிடங்குக்கு வெள்ளையடித்து, கண்ணாடி அலமாரிகள் போட்டு, "துருக்கி நாட்டுப்புறக் கலை, கைத்தொழில் அருங்காட்சியகம்" என்று போர்டு மாட்டினார். சுற்றிக் காட்ட ஆள் வேண்டும். நான் அதுவரை துருக்கியைப் பற்றிக் கேள்விப்பட்டது தொப்பி ஒன்றுதான். அவர் பதினான்கு பக்கம் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, பத்து நாளில் உருப்போட்டேன்.

நடுக்கூடத்தில் ஒரு தறி நின்றது. நம் தறி படுத்திருக்கும், அது நிமிர்ந்து நிற்கும். ஒரு முழ அகலத்தில் சிவப்புக் கம்பளம், மேலே ஒரு சாண் மட்டும் நெய்யாமல் வெறும் பாவு நூலாக நின்றது. பக்கத்தில் கூடையில் சாயம் போட்ட நூல் உருண்டைகள், ஒரு இரும்புச் சீப்பு. நெய்தவர் ஹலீலின் அம்மா. முடிப்பதற்குள் காலமாகிவிட்டார். நெய்தது வரைக்கும் அப்படியே விட்டு ஹலீல் அதைக் கப்பலில் அனுப்பியிருந்தார். என்றைக்காவது பார்க்க வருவேன் என்றும் எழுதியிருந்தார். முதலாளி சாவியை என் கையில் கொடுக்கும்போது சொன்னது:

"மத்ததெல்லாம் ஒடைஞ்சாக்கூட வாங்கிக்கலாம் மணி. அந்தத் தறியில ஒரு நூல் மாறுனாலும் சாவியைக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போயிருங்க."

பந்தி

துருக்கிக்காரர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போலத் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்களாம். விரிப்பு விரித்து, அதன் மேல் குட்டைக் கால் வைத்த வட்டப் பலகை, சுற்றிலும் திண்டுகள், ஆளுக்கொரு மரக்கரண்டி. முதலாளி அதைத் தத்ரூபமாக அமைத்திருந்தார். கயிறு கட்ட வேண்டும் என்று நானும் நினைத்துக்கொண்டேதான் இருந்தேன்.

முதல் மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாணப் பத்திரிகை வைக்கப் புறப்பட்ட ஒரு குடும்பம் வேனில் வந்து இறங்கியது. பொம்மை அலமாரியில் பாதிப் பேருக்கு விளக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினால், மீதிப் பேர் கை கழுவிவிட்டு வந்து பலகையைச் சுற்றிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் புளிசாதத் தூக்குப்போசி. வாழையிலைத் துண்டுகூடப் போட்டாகிவிட்டது. மரக்கரண்டி ஊறுகாய்க்குள் இருந்தது. நான் ஓடிப்போய் இது பார்ப்பதற்கு மட்டும், எழுந்திருங்கள் என்றேன். யாரும் கோபப்படவில்லை. ஒவ்வொருவராக எழுந்து இலையை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்திலேயே மூத்தவரான பெரியம்மா மட்டும் கடைசியாக எழுந்து, என்னை மேலும் கீழும் பார்த்துச் சொன்னார்:

"பந்தி போட்டு வச்சுட்டு உக்காந்தவங்களை எழுப்பறீங்களே சாமி. எங்கூர்ல பகையாளியைக்கூட அப்படிச் செய்ய மாட்டமுங்க."

நீலக் கண்

அந்த நாட்டில் நீலக் கண்ணாடியில் கண் மாதிரி ஒரு மணி செய்வார்கள். வாசலில் மாட்டுவார்கள், குழந்தை சட்டையில் குத்துவார்கள், ஆடுமாட்டுக் கழுத்தில் கட்டுவார்கள். கண்ணேறு படாமல் காக்குமாம். இந்த இடம் வந்தால் எனக்குக் கொஞ்சம் ஓய்வு. நம் ஊர் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். அந்த வாரம்தான் அவர் போட்ட போர்வெல்லில் தண்ணீர் கொட்டியிருந்தது. சுற்றிலும் ஐந்து பேர் போட்டு ஐந்தும் புகைந்துபோன இடத்தில் இவருக்கு மட்டும் கிடைத்திருக்கிறது. மணியையே கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மோட்டார் ரூமில் மாட்ட ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். விற்பனைக்கு இல்லை என்றேன். அப்படியானால் இதைப் பார்த்து மேட்டுப்பாளையம் ரோட்டுப் பெயிண்டரிடம் சுவரில் வரைந்துகொள்ளலாமா என்றார். தாராளமாக என்றேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏனுங்க, அத்தனை தூரம் தள்ளியும் பங்காளிக இருக்கறாங்களாட்டமிருக்குதுங்க?"

பேர் வெட்டிய தட்டு

சுவரில் ஒரு பெரிய செம்புத் தட்டு. விளிம்பில் அரபு எழுத்து. பழைய காலத்தில் துருக்கிக்காரர்கள் அந்த எழுத்தில்தான் எழுதினார்களாம். அதில் என்ன இருக்கிறது என்று பதினான்கு பக்கத்தில் இல்லை. நானாக, இது ஒரு பிரார்த்தனை என்று சொல்லிவந்தேன். நான்கு மாதம் ஓடியது. எத்தனையோ பேர் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். தொடாதீர்கள் என்று சொல்ல எனக்கே மனம் வரவில்லை.

கோட்டைமேட்டிலிருந்து பாத்திரக் கடை பாய் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். ஓதத் தெரிந்தவர் என்பதால், இந்தப் பிரார்த்தனையைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் முதலில் தட்டை விரலால் சுண்டிச் சத்தம் கேட்டார். உள்பக்கம் ஈயப்பூச்சு போய்விட்டது என்று வருத்தப்பட்டார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளிம்பைச் சுற்றி மெதுவாகப் படித்தார். முடித்ததும் என்னைச் சங்கடப்படுத்தக் கூடாதே என்று ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"பிரார்த்தனை இல்லீங்க. ஒரு பொம்பளை பேரு, அவுங்க அத்தா பேரு. பாத்திரத்துல பேரு வெட்டியிருக்குதுங்க, யாரூட்டுப் பொண்ணுக்குக் குடுத்த சீரோ."

உப்புக் காப்பி

துருக்கியில் பெண் பார்க்கப் போனால் பெண்தான் காப்பி போட்டுக்கொண்டு வர வேண்டும். இதுவரை நம் ஊர் மாதிரிதான். ஆனால் மாப்பிள்ளையின் காப்பியில் மட்டும் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிடுவாளாம். முகம் சுளிக்காமல் குடித்தால் பையன் பொறுமைசாலி. பித்தளைக் காப்பிச் சட்டியைக் காட்டி இதைச் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். என் பேச்சில் உறுதியாகச் சிரிப்பு வருகிற இடம் இது ஒன்றுதான், ஆகவே கொஞ்சம் நீட்டியே சொல்வேன்.

தொண்டாமுத்தூரிலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் தன் மகளோடு வந்திருந்தார். அந்த அம்மணி இந்தக் கதைக்கு மட்டும் சிரிக்கவில்லை. எத்தனை ஸ்பூன் உப்பு என்று கேட்டது. எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து அப்பா தனியாக வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் அடிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்தது, பெண் காப்பி கொடுத்தது, மாப்பிள்ளை சொட்டு விடாமல் குடித்தது, சம்பந்தம் பேசி முடித்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

"நல்லா இருக்குதுன்னு இன்னொரு டம்ளர் கேட்டானுங்க. பொறுமைசாலியா, நாக்கு செத்தவனான்னு எங்களுக்கு இன்னும் புடிபடலீங்க."

பூட்டு

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். இனிமேல் வருவதில் என் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தொங்கியது.

பவானியிலிருந்து ஜமக்காளம் நெய்கிற ஒரு கூட்டம் பஸ்ஸில் சுற்றுலா வந்தது. நாற்பது பேர். பொம்மை, தட்டு, காப்பிச் சட்டி எதையும் அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாற்பது பேரும் தறியைச் சுற்றி நின்றார்கள். கம்பளத்தின் முதுகுப்பக்கம் குனிந்து பார்த்து, ஒவ்வொரு இழைக்கும் ஒரு முடிச்சா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். தொடாதீர்கள் என்று நான் பதினேழு தடவை சொல்லியிருப்பேன். ஒரு மணிக்கு எல்லோரையும் பட்டறை கேண்டீனுக்குச் சாப்பிட அனுப்பிவிட்டு, தறிக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதியில் கதவைப் பூட்டிக்கொண்டு நானும் சாப்பிடப் போனேன். ஆள் எண்ணவில்லை. அன்றைக்கு ரசம் நன்றாக இருந்தது. சாவகாசமாகச் சாப்பிட்டேன்.

இரண்டே காலுக்குக் கதவைத் திறந்தால் உள்ளே டக் டக் என்று சத்தம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா தறிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இரும்புச் சீப்பால் முடிச்சைத் தட்டி இறக்கிக்கொண்டிருந்தார். பேர் பழனியம்மாள். தறிக்குப் பின்னால் குனிந்து முடிச்சைப் படித்துக்கொண்டிருந்தவரை நான் கவனிக்காமல் பூட்டிவிட்டேன். ஒரு முடிச்சை அவிழ்த்துப் பார்த்து, கட்டுகிற விதத்தைப் பிடித்துக்கொண்டு, கூடையிலிருந்த நூலை எடுத்து மூன்று வரிசை போட்டு முடித்திருந்தார். அவர்தான் முதலில் பேசினார், அதுவும் என் மேல் வருத்தமாக:

"நீங்க பூட்டிட்டுப் போயிட்டீங்க. ஒண்ணேகால் மணி நேரம் சும்மா உக்காந்திருக்க முடியுமுங்களா?"

அவிழ்க்க முடியாதது

முதலாளியிடம் சொல்லவில்லை. என்னைக் கோழை என்று நினைப்பவர்கள் நாற்பத்தாறு வயதில் ஒரு தடவை வேலையில்லாமல் இருந்து பாருங்கள். இரண்டு நாள் கழித்து அவர் ஒரு தந்தியோடு வந்தார். ஹலீல் மூன்று வாரத்தில் வருகிறார். ஒரு வாரம் தங்குகிறார். முதலாளி முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

அந்த மூன்று வரிசையை அவிழ்த்துவிடலாம் என்று ஊசியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். எது அந்த அம்மா போட்டது, எது பழையது என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. தப்பாக அவிழ்த்தால் செத்தவர் கை வேலையையும் சேர்த்து அவிழ்த்துவிடுவேன். அடுத்த விடுமுறையில் பவானிக்குப் பஸ் ஏறி, நெசவுத் தெருவில் விசாரித்து, பழனியம்மாள் வீட்டைக் கண்டுபிடித்தேன். வந்த விருந்தாளிக்கு மோர் கொடுத்து உட்காரவைத்தார். என் நிலைமையை, பிள்ளைகளை, முதலாளி சொன்னதை எல்லாம் சொல்லி, போட்டதை நீங்களே வந்து எடுத்துக் கொடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் முழுவதும் கேட்டார். வருத்தப்பட்டார். ஆனால் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

"கட்டுனதை அவுக்கறதுக்கு நான் வரமாட்டேனுங்க. வேணும்னாச் சொல்லுங்க, மீதியை முடிச்சுத் தாரேன்."

ஹலீல்

ஹலீல் வெள்ளை மீசை வைத்த உயரமான மனிதர். அறுபது வயதிருக்கும். கிடங்குக்குள் வந்ததும் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார். என் பதினான்கு பக்கத்துக்கு அங்கே வேலையில்லை. நேராகத் தறியிடம் போய்க் குந்தி உட்கார்ந்து, கீழிருந்து மேலாகக் கட்டை விரலால் கம்பளத்தைத் தடவிக்கொண்டே வந்தார். மேலே அம்மா நிறுத்திய இடம் வந்ததும் விரல் நின்றது. கீழே போய் மறுபடியும் வந்தார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. முதலாளியைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பூட்டியது, சாப்பிடப் போனது, ஊசியோடு நின்றது, பவானிக்குப் போனது. ரசம் நன்றாக இருந்ததைக்கூடச் சொன்னேன், ஏன் என்று தெரியவில்லை. முதலாளி முகம் சிவக்கச் சிவக்க மொழிபெயர்த்தார். சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து நானே மேஜை மேல் வைத்தேன். ஹலீல் சாவியைப் பார்க்கவில்லை. அந்த அம்மா என்ன வேலை செய்கிறவர் என்று மட்டும் கேட்டார். ஜமக்காளம் என்றால் என்ன என்பதை முதலாளி விளக்கினார், அந்த ஊரில் எத்தனை வீட்டில் தறி இருக்கிறது என்பதையும், நம் ஜில்லாவைச் சுற்றி எத்தனை ஊரில் நெய்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஹலீல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே ஏதோ சொன்னார். முதலாளி அதை எனக்குச் சொன்னார்:

"அம்மா போனதுக்கப்புறம் ஊட்டுல வச்சுப் பாக்க முடியலியாமுங்க. தொடத் தெரிஞ்ச ஆளே இல்லாத ஊராத் தேடித்தான் நம்மூருக்கு அனுப்புனாராமுங்க."

கடைசி வரிசை

மறுநாள் கார் அனுப்பிப் பழனியம்மாளை வரவழைத்தார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் கூட்டிப்போகிறார்கள் என்று நினைத்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, மாற்றுச் சேலையும் பையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஹலீல் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த மூன்று வரிசையிலும் இடது பக்கம் முடிச்சு இறுக்கமாக இருக்கிறதே, உங்கள் கை அப்படியா? பழனியம்மாள் இல்லை என்றார். கீழே முழுக்க அப்படித்தான் இழுத்திருக்கிறது, அதே மாதிரி இழுக்காவிட்டால் கம்பளம் கோணிக்கொள்ளும், அதனால் அவர் இழுத்த மாதிரியே தானும் இழுத்ததாகச் சொன்னார். முதலாளி மொழிபெயர்த்ததும் ஹலீல் தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினார். அம்மாவுக்கு அந்தத் தோளில் கடைசி வரை வலி இருந்ததாம். வலது கைக்கு வலுவே இல்லையாம், இழுப்பதெல்லாம் இடது கையால்தானாம். அவர் கண் நிறைந்துவிட்டது. கூடையைத் தூக்கிப் பழனியம்மாள் பக்கத்தில் வைத்தார்.

நான்கு நாள் நெய்தார். ஹலீல் மெஷின் பார்க்கப் போகவில்லை, பட்டறைக்குப் போகவில்லை, நான்கு நாளும் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்து நூல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. ஆனாலும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். நான்காம் நாள் சாயங்காலம் கடைசி வரிசையில் ஒரே ஒரு முடிச்சு பாக்கி இருக்கும்போது பழனியம்மாள் எழுந்துகொண்டார். நூலை ஹலீல் கையில் கொடுத்து, இது பெற்ற மகன் செய்ய வேண்டியது, நான் செய்வது முறையில்லை என்றார். நம்மில் கொள்ளி வைப்பது யார் என்று எல்லோருக்கும் தெரியும். முதலாளி அதை மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் ஹலீல் தறிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மில் வைத்து நடத்துகிற மனிதருக்கு ஒரு முடிச்சுப் போடப் பத்து நிமிஷம் ஆயிற்று. போட்டு முடித்ததும் இரண்டு கையாலும் தறியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. முதலாளி மூக்கைச் சிந்திக்கொண்டே மேஜை மேலிருந்த சாவிக்கொத்தை எடுத்து என் கையில் திணித்தார். பழனியம்மாள் மட்டும் அழவில்லை. குனிந்து அந்த முடிச்சை விரலால் அசைத்துப் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்:

"முடிச்சு லூசாத்தானுங்க இருக்குது. அவருகிட்டச் சொல்லிப் போடாதீங்க."

ஆக, பார்க்க வந்தவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போன ஒரே காரணத்தால் வேலை நிலைத்தவன், என் அறிவுக்கு எட்டியவரை இந்தத் தொழிலில் நான் ஒருவன்தான்.